பி.எம்.டபிள்யூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், கொஞ்சம் நீளமான பதில்கள்

பி.எம்.டபிள்யூ எப்போது ஆரம்பித்தது? ஒரு இடத்தில் 1916 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1917 என்கிறார்கள்.

இரண்டுமே சரிதான். மியூனிக் நகரில் கார்ல் ராப் என்பவர் 1913-இல் தொடங்கிய எஞ்சின் தொழிற்சாலைக்கு 1917-இல் 'பயரிஷ மோட்டோரன் வெர்க்கே' என்று பெயர் மாறியது. பவேரியா மாநிலத்து மோட்டார் தொழிற்சாலை என்பதுதான் அதன் பொருள். அதற்குப் பக்கத்திலேயே விமானம் கட்டும் கம்பெனி ஒன்று இருந்தது. குஸ்டாவ் ஓட்டோ நடத்திவந்து நொடித்துப்போன தொழிலிலிருந்து 1916 மார்ச் 7-இல் உருவான நிறுவனம் அது. இந்தக் குஸ்டாவ், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினால் புகழ்பெற்ற நிக்கோலாஸ் ஓட்டோவின் மகன்.

1922-இல் காமில்லோ காஸ்டிலியோனி என்ற முதலீட்டாளர் ராப் வழிவந்த கம்பெனியின் எஞ்சின் தொழிலையும் ஆட்களையும் பெயரையும் சின்னத்தையும் வாங்கி, விமானக் கம்பெனிக்குள் கொண்டுபோய் வைத்தார். பெயர் ஒரு வீட்டுடையது, சட்டப்படியான பிறந்த தேதி இன்னொரு வீட்டுடையது. அதனால்தான் கம்பெனி 1916-ஐத் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறது.

அந்த நீல-வெள்ளை லோகோ சுழலும் விமான விசிறிதானே?

இல்லை. 1917 அக்டோபரில் பதிவு செய்யப்பட்ட சின்னம் அது. கறுப்பு வளையம் ராப் கம்பெனியின் பழைய முத்திரையிலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் நீலமும் வெள்ளையும் பவேரியாவின் நிறங்கள். அரசுச் சின்னங்களை வணிகக் குறியாகப் பயன்படுத்தக் கூடாது என்று அன்றைய சட்டம் சொன்னதால், நிறங்களின் வரிசையை மாற்றிப் போட்டார்கள்.

விசிறிக் கதையைக் கிளப்பிவிட்டதும் அவர்களேதான். 1929-இல் வந்த ஒரு விளம்பரத்தில், பறக்கும் விமானத்தின் விசிறி சுழலும் இடத்தில் இந்தச் சின்னத்தை வரைந்திருந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது, ஊரும் நம்பிவிட்டது. மறுக்க வேண்டிய அவசரம் கம்பெனிக்கும் இல்லை.

விமான எஞ்சின் செய்தவர்கள் காருக்கு எப்படி வந்தார்கள்?

வேறு வழியில்லாமல் வந்தார்கள். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் மாக்ஸ் ஃபிரிட்ஸ் வடிவமைத்த ஆறு சிலிண்டர் விமான எஞ்சின்தான் இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. உயரம் கூடினாலும் சக்தி குறையாத எஞ்சின் அது. அதன் அடுத்த வடிவத்தைப் பொருத்திக்கொண்டு ஃப்ரான்ஸ் செனோ டீமர் என்ற விமானி 1919 ஜூனில் 9,760 மீட்டர் உயரம் வரை ஏறினார். அதே மாதம் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை, ஜெர்மனியில் விமான எஞ்சின் தயாரிப்பதையே தடை செய்துவிட்டது.

வயிற்றுப்பாட்டுக்கு ரயில் பிரேக் செய்தார்கள். பிறகு 1923-இல் ஆர் 32 என்ற மோட்டார் சைக்கிளை ஃபிரிட்ஸ் உருவாக்கினார். இரண்டு சிலிண்டர்கள் இருபக்கமும் கை நீட்டியதுபோல் படுத்திருக்கும், பின் சக்கரத்துக்குச் செயின் கிடையாது, ஷாஃப்ட்தான். நூறு ஆண்டு கழித்தும் அந்த அமைப்பில் பி.எம்.டபிள்யூ பைக் வந்துகொண்டிருக்கிறது.

கார் வந்தது 1928-இல். ஐசனாக் நகரில் இருந்த டிக்ஸி என்ற கம்பெனியை விலைக்கு வாங்கினார்கள். அது தயாரித்துக்கொண்டிருந்தது பிரிட்டனின் ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் கார், அதுவும் உரிமம் வாங்கி. ஆக, இந்தச் சொகுசுக் கார் கம்பெனியின் முதல் கார் இன்னொருவர் வரைந்த மலிவுக் கார். பென்ஸ் 1886-லேயே காருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இவர்கள் பந்திக்கு எவ்வளவு தாமதமாக வந்தவர்கள் என்று தெரியும்.

முழுக்க அவர்களுடையது என்று சொல்லக்கூடிய முதல் நல்ல கார் எது?

1933-இல் வந்த 303-ஐச் சொல்லலாம். ஆறு சிலிண்டர் எஞ்சினும், சிறுநீரக வடிவில் இரட்டை கிரில்லும் அதில்தான் முதலில் வந்தன. ஆனால் மனதை அள்ளியது 1936-இல் வந்த 328. இரண்டு லிட்டருக்குச் சற்றே குறைவான எஞ்சின், 80 குதிரைத்திறன், மெல்லிய உடல். மொத்தமே 464 கார்கள்தான் கட்டினார்கள். தன்னைவிடப் பெரிய எஞ்சின் வைத்த கார்களை இது பந்தயங்களில் சாதாரணமாக முந்தியது. எடை குறைவு, எஞ்சின் கச்சிதம், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று இன்றும் பி.எம்.டபிள்யூ ரசிகர்கள் அடுக்கும் குணங்கள் எல்லாம் இந்தக் காரிலிருந்து எடுத்தவை.

1940-இல் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தை 328-இன் கூரை மூடிய வடிவம் வென்றது. ஓட்டிய இருவரில் ஒருவரான ஹூஷ்கே ஃபான் ஹான்ஸ்டைன் அணிந்திருந்த உடையில் நாஜிகளின் எஸ்.எஸ். படையின் முத்திரை இருந்தது. வெற்றிப் படங்களைப் பார்க்கும்போது அதையும் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

நாஜி ஆட்சியில் இவர்களுடைய பங்கு என்ன?

சின்னப் பங்கு இல்லை. மறு ஆயுதமயமாக்கல் தொடங்கியதும் விமான எஞ்சின்தான் மறுபடி முக்கியத் தொழிலானது. ஃபோக்க-வுல்ஃப் 190 போர் விமானத்துக்கு 801 என்ற எஞ்சினைச் செய்து கொடுத்தார்கள். மியூனிக்கை ஒட்டிய ஆலாக் தொழிற்சாலையில் டாஹாவ் வதைமுகாமின் கிளை முகாம் இருந்தது. கைதிகளும், ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும், போர்க் கைதிகளுமாகப் பல்லாயிரம் பேரைக் கட்டாய உழைப்பில் வைத்தே அந்த எஞ்சின்கள் உருவாயின.

கம்பெனி இதை இன்று தன் வரலாற்றிலேயே ஒப்புக்கொள்கிறது. கட்டாய உழைப்பாளர்களுக்கு இழப்பீடு வழங்க ஜெர்மன் தொழில்துறை தொடங்கிய அறக்கட்டளை முயற்சியில் தொடக்கம் முதல் இருந்தது. ஆனால் அதெல்லாம் நடந்தது 1990-களின் கடைசியில். உழைத்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

போருக்குப் பிறகு கம்பெனி திவாலாகப் போனது என்கிறார்களே, காரணம் என்ன?

சொகுசுக் கார் செய்ததுதான் காரணம்.

முதலில் நிலைமையைப் பாருங்கள். கார் கட்டிய ஐசனாக், சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. அங்கே அதே பெயரில், அதே சின்னத்தோடு கார் செய்து விற்றார்கள். பிறகு வழக்கு வந்து, நீலத்தைச் சிவப்பாக்கி இ.எம்.டபிள்யூ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். மியூனிக் ஆலையின் இயந்திரங்களை நேச நாடுகள் கழற்றிக்கொண்டு போயின. பானை, சட்டி, சைக்கிள் செய்து பிழைத்தவர்கள் 1948-இல்தான் மறுபடி மோட்டார் சைக்கிள் விற்றார்கள்.

இப்படி இருக்கும் கம்பெனி அடுத்து என்ன கார் செய்யும்? சின்னதாக, மலிவாக ஏதாவது என்றுதான் நினைப்போம். இவர்கள் 1951-இல் 501 என்ற பெரிய சொகுசு செடானைக் காட்டினார்கள். வளைவும் நெளிவுமாக இருந்ததால் மக்கள் அதைப் 'பரோக் தேவதை' என்று அழைத்தார்கள். விலை 15,000 மார்க்குக்கு மேல், சாதாரணத் தொழிலாளிக்குப் பல ஆண்டுச் சம்பளம். வாங்கும் சக்தி உள்ள சிலரும் பென்ஸ் கடைக்குப் போனார்கள்.

போதாததற்கு 507. ஆல்பிரெக்ட் ஃபான் கோர்ட்ஸ் வரைந்த, வி8 எஞ்சின் வைத்த இரண்டு இருக்கைக் கார். உலகத்திலேயே அழகான கார்களின் பட்டியலை யார் போட்டாலும் இது இருக்கும். அமெரிக்காவில் 5,000 டாலருக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டார்கள், அடக்க விலையே எகிறி ஏறத்தாழ இரண்டு மடங்கில் போய் நின்றது. 1956 முதல் 1959 வரை சுமார் 250 கார்கள்தான் தேறின. அதிலும் கைநட்டம். ராணுவ சேவைக்காக ஜெர்மனியில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி ஒன்றை வைத்திருந்தார். வெள்ளை நிறக் காரில் ரசிகைகள் லிப்ஸ்டிக்கால் செய்தி எழுதி வைப்பதைத் தாங்க முடியாமல் சிவப்பு அடித்துவிட்டாராம்.

கல்லாவில் காசு வர வைத்தது இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருந்த ஒரு குட்டி வண்டி. 1955-இல் இத்தாலியின் இஸோ கம்பெனியிடம் உரிமம் வாங்கிச் செய்த இஸெட்டா. முட்டை வடிவம், முன்பக்கமே கதவு, ஃபிரிட்ஜைத் திறப்பதுபோல் திறந்து உள்ளே ஏற வேண்டும். எஞ்சின் பி.எம்.டபிள்யூ பைக்கிலிருந்து எடுத்த ஒற்றைச் சிலிண்டர், 12 குதிரைத்திறன். 1,60,000-க்கும் மேல் விற்றது. ஒரு பக்கம் இஸெட்டா சம்பாதிக்க, மறு பக்கம் 507 செலவழிக்க, நடுவில் நடுத்தர வர்க்கம் வாங்குகிற மாதிரி எதுவும் இல்லை.

பென்ஸ் கம்பெனி பி.எம்.டபிள்யூவை வாங்க இருந்தது உண்மையா?

உண்மை. கார் உலகத்திலேயே சுவாரசியமான பங்குதாரர் கூட்டம் அதுதான்.

1959 டிசம்பர் 9, மியூனிக். நட்டத்தில் இருந்த கம்பெனியை டைம்லர்-பென்ஸ் கையில் ஒப்படைக்கும் திட்டம் மேசையில் இருந்தது. புதிய பங்குகள் டைம்லர்-பென்ஸ் தரப்புக்குத்தான், சிறு பங்குதாரர்களுக்கு எதுவும் கிடையாது. பி.எம்.டபிள்யூவின் மேற்பார்வைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் டாய்ச் வங்கியைச் சேர்ந்த ஹான்ஸ் ஃபைத். அதே வங்கிக்கு டைம்லர்-பென்ஸிலும் பெரிய பங்கு. அதாவது விற்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் ஒரே வங்கி. இதற்கு மேல் சலுகை நீடிக்காது, இன்றே முடிவு செய்யுங்கள் என்று கெடு வேறு.

அரங்கில் கொந்தளிப்பு. பி.எம்.டபிள்யூ விற்று வாழ்ந்த டீலர்கள், பத்துப் பதினைந்து பங்கு வைத்திருந்த சாதாரண ஆட்கள், ஆலைத் தொழிலாளர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். ஆனால் ஓட்டு எண்ணிக்கை வங்கிகளிடம் இருந்தது. டீலர்கள் சார்பில் வந்த ஃபிரீட்ரிக் மாத்தர்ன் என்ற வழக்கறிஞர், ஓட்டில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். கணக்கறிக்கையில் பிழை இருந்தால், பத்து சதவீதப் பங்குதாரர்கள் கேட்டாலே கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும். பிழையும் இருந்தது. புதிதாக வரவிருந்த 700 என்ற காரின் வடிவமைப்புச் செலவைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடாமல் ஒரே ஆண்டில் எழுதித் தள்ளி, நட்டத்தை ஊதிக் காட்டியிருந்தார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, சலுகை காலாவதியானது.

அன்று அங்கே பெரும் பங்குதாரர்களில் ஒருவராக இருந்தவர் ஹெர்பர்ட் குவாண்ட். சிறு வயதிலேயே கண் நோயால் பார்வையை ஏறத்தாழ இழந்தவர். முதலில் அவரும் விற்கும் யோசனைக்கு எதிராக இருக்கவில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகு மனம் மாறி, விற்பதற்குப் பதிலாக இன்னும் பங்குகளை வாங்கிக் குவித்தார். பெரிய வங்கியாளர் ஆலோசனைக்கு எதிராக ஒரு செல்வந்தர் பந்தயம் கட்டியதாகத்தான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அன்றைய நாயகர் மாத்தர்ன்தான். அவர் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்காமல் இருந்தால் குவாண்டுக்கு மனம் மாற நேரமே இருந்திருக்காது.

அதற்குப் பிறகு எந்தக் கார் தூக்கி நிறுத்தியது?

உடனடியாக மூச்சு விட வைத்தது அந்த 700 தான். பின்பக்கம் பைக் எஞ்சின் வைத்த சின்னக் கார். நிலைத்து நிற்க வைத்தது 1961 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டிய 1500. அந்த வரிசைக்கு 'நோய்யே கிளாஸ்ஸ' என்று பெயர், புதிய வகுப்பு. பென்ஸ் வாங்குவதற்கு வசதி போதாத, சாதாரணக் கார் வாங்குவதற்கு மனசு ஒப்பாத இளம் பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர் ஜெர்மனியில் பெருகிக்கொண்டிருந்த காலம். அந்த இடைவெளியைத் தேடிப்பிடித்து விற்றதால் விற்பனைத் தலைவர் பவுல் ஹானமானுக்கு 'இடுக்குப் பவுல்' என்றே பட்டப்பெயர்.

இந்தக் காரின் எஞ்சினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹாவுசன் வடிவமைத்த எம்10. நான்கு சிலிண்டர், 1500-இல் 80 குதிரைத்திறன். அதே வார்ப்பிரும்பு பிளாக்கை அடிப்படையாக வைத்து, பவுல் ரோஷே 1980-களில் ஃபார்முலா ஒன் டர்போ எஞ்சின் செய்தார். தகுதிச் சுற்றுக்கென்று முறுக்கிவிட்டால் 1,000 குதிரைத்திறனுக்கும் மேல் தந்தது. 1983-இல் பிரபாம் அணியின் நெல்சன் பிகே இதை வைத்துத்தான் உலகப் பட்டம் வென்றார். குடும்பக் காருக்காக வரைந்த பிளாக், இருபது ஆண்டு கழித்து உலக சாம்பியன். இதைவிட நல்ல விளம்பரம் எந்தக் கம்பெனிக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

1968-இல் வந்த 2002-க்கு ஒரு வேடிக்கைக் கதை உண்டு. சின்ன இரண்டு கதவுக் காரில் பெரிய இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்தால் எப்படி இருக்கும் என்று ஃபால்கன்ஹாவுசனும், இன்னொரு அதிகாரியான ஹெல்முட் போன்ஷும் தனித்தனியே யோசித்து, ஒருவருக்கொருவர் சொல்லாமலே தங்கள் சொந்தக் காருக்கு அப்படிச் செய்துகொண்டிருந்தார்கள். ஒர்க்ஷாப்பில் இருவர் காரும் அருகருகே நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அமெரிக்க இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மனும் அதே சமயத்தில் வேகமான கார் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ என்ற பெயர் வேரூன்றியது இந்தக் காரால்.

'ஓட்டுபவருக்கான கார்' என்கிறார்களே, அதில் உண்மை எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு?

உண்மை நிறையவே இருந்தது. மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின். ஆறு பிஸ்டன்களும் ஒரே வரிசையில் நிற்கும். முன் மூன்றும் பின் மூன்றும் கண்ணாடிப் பிம்பம்போல் இயங்குவதால், ஒன்று உண்டாக்கும் அதிர்வை மற்றொன்று தின்றுவிடுகிறது. நான்கு சிலிண்டரிலும் வி6-இலும் அதிர்வை அடக்கத் தனித் தண்டு வைக்க வேண்டியிருக்கும், இதற்குத் தேவையில்லை. எஞ்சின் நீளமாகிவிடும் என்பதால் பலரும் கைவிட்ட இந்த அமைப்பை இவர்கள் விடவில்லை. அண்மை ஆண்டுகளில் பென்ஸே இதற்குத் திரும்பி வந்துவிட்டது.

இரண்டு, எடைப் பகிர்வு. எஞ்சினை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி, பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோய், முன் பின் அச்சுகளில் எடை ஏறத்தாழப் பாதிப் பாதியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். உந்துவது பின் சக்கரம், திருப்புவது முன் சக்கரம். ஒரே சக்கரத்துக்கு இரண்டு வேலை கொடுக்காததால் ஸ்டியரிங்கில் சாலை தெளிவாகத் தெரியும்.

மூன்று, அமர்ந்தவுடன் கிடைக்கும் மரியாதை. 1975-இல் வந்த முதல் 3 சீரிஸில் நடு டேஷ்போர்டையே ஓட்டுநர் பக்கம் சாய்த்து வைத்தார்கள். பக்கத்தில் இருப்பவர் ரேடியோவைத் தொட எட்டிப் பிடிக்க வேண்டும். யாருடைய கார் என்பதில் சந்தேகமே வராது.

இப்போது மறுபக்கம். 2014 முதல் முன் சக்கர இயக்கத்தில் ஓடும் பி.எம்.டபிள்யூவும் உண்டு. இன்றைய 1 சீரிஸ் அப்படித்தான். பழைய பின் சக்கர 1 சீரிஸ் வைத்திருந்தவர்களில் 80 சதவீதம் பேர் தங்கள் கார் முன் சக்கரத்தில்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பதாக, கம்பெனித் தலைவராக இருந்த நோர்பர்ட் ரைட்ஹோஃபர் 2010-இல் சொன்னார். ரசிகர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் ஆறாத புண்.

320, 520, 730 என்ற எண்களுக்கு என்ன பொருள்?

முதல் எண் காரின் வரிசை, அடுத்த இரண்டும் எஞ்சின் அளவு. 320 என்றால் 3 சீரிஸ், இரண்டு லிட்டர். முன்பு அப்படி. இப்போது கடைசி இரண்டு எண்களும் சக்தியை வைத்துத் தரும் மதிப்பெண் மாதிரிதான். 330-ஐத் திறந்தால் உள்ளே இருப்பதும் இரண்டு லிட்டர் எஞ்சின்தான். இ30, இ46 என்றெல்லாம் ரசிகர்கள் பேசிக்கொள்வது கம்பெனிக்குள் வைத்திருக்கும் வடிவமைப்புக் குறியீடு.

எம் என்ற எழுத்து பின்னால் இருந்தால் பந்தயக் காரா?

எம்3, எம்5 என்று எண்ணோடு ஒட்டி இருந்தால் ஆம். 1972-இல் தனியாகத் தொடங்கிய மோட்டார்ஸ்போர்ட் பிரிவின் தயாரிப்புகள் அவை. 1986-இல் வந்த முதல் எம்3-ஐப் பந்தயத்தில் இறக்குவதற்காகவே சாலைக் காராகவும் விற்றார்கள். 'எம் ஸ்போர்ட்' என்று இருந்தால் பம்பர், சக்கரம், ஸ்டியரிங், சில சமயம் சஸ்பென்ஷன். எஞ்சின் பழையதேதான். பின்னால் எம் முத்திரை ஒட்டிக்கொண்டு போகும் 320-ஐப் பார்த்து நீங்கள் ஒதுங்கி வழிவிட வேண்டியதில்லை.

ரோல்ஸ்-ராய்ஸ் இவர்களுடையதா? எப்படிக் கிடைத்தது?

கிடைத்த விதம் ஒரு நகைச்சுவை. 1998-இல் ரோல்ஸ்-ராய்ஸ் கார் கம்பெனி ஏலத்துக்கு வந்தபோது பி.எம்.டபிள்யூ 340 மில்லியன் பவுண்டு கேட்டது. ஃபோக்ஸ்வாகன் 430 மில்லியன் கொடுத்து வாங்கிவிட்டது. க்ரூ ஆலை, பென்ட்லி, முன்னால் நிற்கும் தேவதைச் சிலை, கிரில்லின் வடிவம் எல்லாம் வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை: ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயர். அது விமான எஞ்சின் செய்யும் வேறு கம்பெனியிடம் இருந்தது, அவர்கள் பி.எம்.டபிள்யூவோடு கூட்டாக எஞ்சின் செய்துகொண்டிருந்தவர்கள். 40 மில்லியன் பவுண்டுக்குப் பெயரை பி.எம்.டபிள்யூவுக்கே கொடுத்துவிட்டார்கள். போதாததற்கு அந்தக் கார்களுக்கு எஞ்சின் கொடுத்துவந்ததும் பி.எம்.டபிள்யூதான். கடைசியில் உடன்பாடு ஆனது: பென்ட்லி ஃபோக்ஸ்வாகனுக்கு, 2003 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் பி.எம்.டபிள்யூவுக்கு. இங்கிலாந்தின் குட்வுட்டில் புது ஆலை கட்டி ஃபேண்டம் என்ற காரைக் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு சாமர்த்தியமாக இருந்தவர்கள்தான் 1994-இல் பிரிட்டனின் ரோவர் கார் கம்பெனியை 800 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி, பணத்தைக் கொட்டோ கொட்டென்று கொட்டி, 2000-இல் வெறும் 10 பவுண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ரோவரோடு வந்த லேண்ட் ரோவர் ஃபோர்டுக்குப் போய், அங்கிருந்து 2008-இல் டாடாவிடம் வந்தது. மினியை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். அது நல்ல முடிவு.

ஏன் இப்போது கிரில் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

சீனா முதலான சந்தைகளில் பெரிய முகம் எடுபடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 2001-இல் அன்றைய வடிவமைப்புத் தலைவர் கிறிஸ் பாங்கிள் மேற்பார்வையில் வந்த 7 சீரிஸைப் பார்த்து, அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கார் நன்றாகவே விற்றது. அதனால் இந்த விஷயத்தில் ரசிகர்களின் கோபத்துக்கு, என்னுடையதையும் சேர்த்து, அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

பழைய அடையாளம் வேண்டுமானால், பின் ஜன்னலின் கடைசி ஓரம் முன்பக்கமாக மடங்கும் வளைவைப் பாருங்கள். 1961-இலிருந்து வருகிறது, வடிவமைப்புத் தலைவராக இருந்த வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டரின் பெயரால் அறியப்படுகிறது.

கம்பெனி இப்போது யார் கையில்?

ஹெர்பர்ட் குவாண்டின் பிள்ளைகள் ஸ்டெஃபான் குவாண்ட், சூசன்ன கிளாட்டன் இருவரிடமும் சேர்த்து ஏறத்தாழப் பாதிப் பங்கு இருக்கிறது. போர்க்காலத்தில் குவாண்ட் குடும்பத்தின் பேட்டரி ஆலைகளிலும் கட்டாய உழைப்பு நடந்தது. 2007-இல் ஜெர்மன் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று அதைத் தோண்டி எடுத்த பிறகுதான் குடும்பம் வரலாற்றாய்வாளர் ஒருவரிடம் ஆவணங்களைத் திறந்துவிட்டது. ஆய்வு 2011-இல் வெளியானது.

சென்னையில் பி.எம்.டபிள்யூ தயாராகிறதாமே?

ஆம், 2007 மார்ச் முதல். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுக்குப் போகும் வழியில், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆலை இருக்கிறது. பெரும்பாலும் பாகங்களாகக் கப்பலில் வந்து இங்கே பொருத்தப்படுபவை. முழுக் காராக இறக்கினால் சுங்க வரி மிக அதிகம், அதுதான் காரணம். 2015 முதல் எஞ்சின் பொருத்துவது, இருக்கை, ஒயரிங் என்று உள்ளூர்ப் பங்கு கூடியது.

இங்கே வந்ததும் கம்பெனிக்கு ஒரு தர்மசங்கடம். ஓட்டுபவருக்கான கார் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கும் முதலாளியோ பின் இருக்கையில் அமர்கிறார். ஓட்டும் சுகம் மாதச் சம்பளத்துக்கு வரும் டிரைவர் அண்ணனுக்குப் போகிறது. அதனால்தான் 2021-இல் 3 சீரிஸின் நீளத்தைக் கூட்டி, பின்னால் கால் நீட்ட இடம் விட்டு, 'கிரான் லிமோசின்' என்று இங்கே கொண்டுவந்தார்கள்.

பைக்குகளுக்கு இன்னும் நெருக்கமான தொடர்பு. 2013-இல் டி.வி.எஸ். கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஜி 310 ஆர் வரிசை பைக்குகள் ஓசூரில் தயாராகி உலகம் முழுக்கப் போயின. டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310-இல் இருப்பதும் அதே எஞ்சின் குடும்பம்தான்.

பென்ஸா, பி.எம்.டபிள்யூவா?

பின்னால் உட்காருவதானால் பென்ஸ். நீங்களே ஓட்டுவதானால், ஓட்டுவது பிடிக்குமானால், பி.எம்.டபிள்யூ. பிடிக்காது என்றால் இரண்டுமே வேண்டாம், லெக்ஸஸ் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

கார் மலிவு. உதிரி பாகம் புதுக் கார் விலைக் கணக்கில்தான் வரும். குளிரூட்டும் அமைப்பில் பிளாஸ்டிக் பாகங்கள் அதிகம், நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் சீக்கிரம் விரிசல் விடும். 2007-க்குப் பிறகு சில ஆண்டுகள் வந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது. அது தேய்ந்தால் எஞ்சினையே இறக்கித்தான் மாற்ற வேண்டும். அந்தக் காலத்துக் காரானால் செயின் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பல மாடல்களில் ஸ்டெப்னி கிடையாது. காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் போட்டிருப்பார்கள். அது விலையும் அதிகம், முரடும் கூட. சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இல்லாத வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

மின்சாரக் காருக்கு மாறினால் இந்தக் கம்பெனியில் என்ன மிச்சம் இருக்கும்?

நியாயமான கேள்வி, ஏனென்றால் இது எஞ்சின் கம்பெனி. மின்சாரம் இவர்களுக்குப் புதிது அல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மாரத்தான் வீரர்கள் புகையை முகரக் கூடாது என்று, 350 கிலோ ஈய பேட்டரி வைத்த மின்சார 1602-ஐ முன்னால் ஓட விட்டார்கள். 2013-இல் கார்பன் ஃபைபர் உடலோடு வந்த ஐ3 காலத்துக்கு முந்திப் பிறந்தது.

இப்போது முழு வீச்சில் இறங்கிவிட்டார்கள். மியூனிக் ஆலையில் எஞ்சின் தயாரிப்பு 2023-இல் நின்றுவிட்டது. 2025-இல் ஹங்கேரியின் டெப்ரெட்சன் ஆலையிலிருந்து வரும் ஐ.எக்ஸ்.3-ஐக் காட்டினார்கள். அந்த வரிசைக்கு வைத்த பெயர் 'நோய்யே கிளாஸ்ஸ'. 1961-இல் பிழைக்க வைத்த பெயரைத் தேடி எடுத்திருப்பதிலிருந்தே அவர்களுக்கு எவ்வளவு கவலை என்று தெரிகிறது. எடைப் பகிர்வைப் பேட்டரிக் காரில் சரிசெய்வது எளிது. ஆறு சிலிண்டரின் அந்த வழவழப்போ, எல்லா மின்மோட்டாரிலும் இயல்பாகவே இருக்கிறது. அதனால் வேறுபாடு இனி ஸ்டியரிங்கிலும் சஸ்பென்ஷனிலும்தான் தெரிய வேண்டும்.

மியூனிக் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

யு3 மெட்ரோவில் ஒலிம்பியா சென்ட்ரம் நிலையத்தில் இறங்கினால் நான்கு சிலிண்டர்களை நிறுத்தி வைத்ததுபோன்ற தலைமை அலுவலகக் கோபுரம் தெரியும். கார்ல் ஷ்வான்ஸர் வடிவமைத்தது. மாடிகளைத் தரையில் கட்டி, நடுத் தண்டிலிருந்து மேலே தூக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கிண்ணம் கவிழாமல் நிற்பது அருங்காட்சியகம், எதிரே பி.எம்.டபிள்யூ வெல்ட் என்ற காட்சிக்கூடம். வெல்ட்டுக்குக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்கு உண்டு. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் காசு கொடுத்து அருங்காட்சியகத்துக்கே போங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.